‘நம்ம பள்ளிக்கூடம்’ – அந்த ‘நம்ம’ யார்?



ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கிறது. கூடவே ஒரு பெருமையும் திறக்கிறது. புதுச் சீருடை, காலைப் பிரேயர், கொடியேற்றம், மேடையில் தலைமையாசிரியர். “இது நம்ம பள்ளி, இதோட மானத்தைக் காப்பாத்துறது உங்க கையிலதான் இருக்கு” என்று அவர் பேசுகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு, விளையாட்டு விழாக் கோப்பை, முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு, ‘எங்க ஸ்கூல்தான் கெத்து’ என்று பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போடுகிற வீடியோ எல்லாம் இந்த ஒரே உணர்வில்தான் நிற்கிறது.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்த இதழில் பேசணும் என்று நினைக்கிறேன். சின்னப் பசங்க சமாச்சாரம், இதுக்கு ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலி, பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு என்று தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, உண்மைதான். ஆனால் சேரிப் பிள்ளை ஊரை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திக்கிற இடம் பள்ளிக்கூடம். ஊர்ப்பிள்ளை சேரியைச் சரிசமமாகப் பக்கத்தில் பார்க்கிற இடமும் அதுதான். பல பேருக்கு அது முதல் இடம் மட்டுமில்லை, கடைசி இடமும்கூட. அங்கே என்ன பழகுகிறார்களோ அதைத்தான் பிறகு டீக்கடைக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கொண்டு போகிறார்கள்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விலக்கிவிட்டால் நாங்கள். இங்கிலீஷில் இந்த வித்தியாசம் கிடையாது, இந்தியிலும் கிடையாது. நமக்கு உண்டு. “நம்ம தெரு” என்று ஒருத்தன் என்னிடம் சொன்னால் அதில் நானும் இருக்கிறேன். “எங்க தெரு” என்றால் நான் வெளியே. மேடையில் ‘நம்ம பள்ளி’ என்று பேசிவிட்டு, வகுப்பறையில், மைதானத்தில், தண்ணிக் குழாயடியில் ‘எங்க பள்ளி’ என்று நடந்துகொள்வதுதான் இங்கே பள்ளிப் பெருமை என்ற பேரில் உலவுகிறது.

2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்கு உதவலாம். நல்லது. கட்டடம் வரட்டும், கக்கூஸ் வரட்டும், சுற்றுச்சுவர் வரட்டும். ஆனால் அந்தப் பேரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊர் என்றால் என்ன? நம்ம கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர்த்திருவிழாவுக்கு நாம் பறையடிக்கப் போவோம், வரி வாங்க மாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் நமக்கு அபராதம் போடுவார்கள், பேச விட மாட்டார்கள். பேர் வைத்தவருக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது. தோன்றாமல் போனதுதான் விஷயமே.

எங்க உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெருமை இரட்டிப்பு. “உலகத்துக்கே தேர்தல் கத்துக்குடுத்த ஊருடா இது” என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 என இரண்டு ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை பாடப் புத்தகத்தில் வருகிறது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடியும் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

சரி, அந்தக் கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது? ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். தகுதி எது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் உறவுக்காரனுக்கும் இடமில்லை. இது இன்றைக்கும் நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால் கீழானவர்களோடு பழகி விலக்கானவனும் பரிகாரம் செய்கிறவரை சேரக் கூடாது என்று அதே கல்லில் இருக்கிறது. இது சதுர்வேதிமங்கலம். பார்ப்பனர்களுக்குக் கொடுத்த ஊர், பார்ப்பனர்களின் சபை, அவர்களுக்குள் நடந்த தேர்வு. நிலமில்லாதவன் ஓலை அதில் இல்லை. எந்தப் பெண்ணின் ஓலையும் இல்லை. ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. அந்த ஏரியில் மண் வெட்டியவன், மதகைத் திறந்து தண்ணி பாய்ச்சியவன் யாருடைய பேரும் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரியைத் தனியாகவே குறிக்கின்றன. குடம் அங்கே, சேரி இங்கே.

அந்தக் கல்வெட்டில் எனக்குப் பிடித்த ஆள் ஒருத்தன் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டார்கள். உள்ளே எது யார் ஓலை என்று பேதம் தெரியாதவன் என்பதால் அவன் கை. பிள்ளைக்குப் பேதம் தெரியாது என்பது 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் பிள்ளைக்குப் பேதத்தைக் கற்றுக்கொடுக்கிறது யார்? எந்தப் பீரியடில்?

இந்தக் கேள்விக்கு நம்ம மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறார். பக்கத்து மதுராந்தகம் வட்டம், கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ‘பறையன்’ பத்திரிகையை 1893இல் தொடங்கியவர், பிறகு அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். 1939இல் வந்த தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த நாளைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்கள், அதில் 10 பேர் தவிர அத்தனை பேரும் பார்ப்பனர்கள். தன் சாதியும் குடும்பமும் வீடு இருக்கும் இடமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்து மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு விட்டதும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்பதுதான் அவரைக் கலங்க வைத்திருக்கிறது.

தோழர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். அவருக்கு இடம் கிடைத்தது. புத்தகம் கிடைத்தது. பாடம் கிடைத்தது. கிடைக்காதது விளையாட்டு. முதல் மணிக்கு முந்தின கால் மணி நேரமும் கடைசி மணிக்குப் பிந்தின அரை மணி நேரமும் அவருக்கு மறுக்கப்பட்டது. பள்ளி உணர்வு என்பது பிறக்கிற நேரமே அதுதான். பாடம் நடக்கும்போது எல்லாரும் வாத்தியாரைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்திலிருப்பவனைப் பார்ப்பது மணி அடித்த பிறகுதான். சாட்சிக் கோணியில் உட்காரவைக்கப்பட்ட அம்பேத்கரையும், பியூன் வராவிட்டால் தண்ணி இல்லை என்ற அவருடைய தாகத்தையும் நாம் மேடைதோறும் சொல்கிறோம். இரட்டைமலையாருடைய இந்த விளையாட்டுத் துக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கோணி போய்விட்டது, பெஞ்சு வந்துவிட்டது. அந்தத் துக்கம் மட்டும் போகவில்லை.

நான் படித்த பள்ளியின் பேர் வேண்டாம். பேர் மாற்றிப் போட்டால் உங்கள் பள்ளிக்கும் பொருந்தும். ஸ்காலர்ஷிப் பாரம் வந்தால் வகுப்பில் சத்தமாக, “எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு” என்பார்கள். எழுந்திருப்போம். அதுவரைக்கும் என் சாதி தெரியாத பக்கத்து பெஞ்சுக்காரன் அன்றைக்கு ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்ப்பான். ஆண்டு விழா வந்தால் பெஞ்சு தூக்க, மைதானத்துப் புல்லு செதுக்க எங்க தெருப் பிள்ளைகள் பேர்தான் முதலில் வரும். “இவனுங்கதான்யா நல்லா வேலை செய்வானுங்க” என்று பாராட்டு வேறு. வாசலில் பன்னீர்ச் செம்போடு, சந்தனக் கிண்ணத்தோடு நின்று விருந்தாளியை வரவேற்கும் பெண் பிள்ளைகளைப் பொறுக்கும்போது ‘கலரா இருக்கிற பொண்ணு’ என்று தேடுவார்கள். கலர் என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று எங்க அக்கா தங்கச்சிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பு லீடரை வாத்தியார்தான் போடுவார். அவன் அப்பா ஊரில் யார் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கபடியில் கோப்பை வந்தது. ஏழு பேரில் நாலு பேர் எங்க தெரு. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியே ஊர்வலம் போனது. கடைத்தெரு, தேரடி, ஊர்த் தெரு என்று சுற்றி, பள்ளிக்கே திரும்பிவிட்டது. நாலு பேரைப் பெற்ற தெருவுக்குக் கோப்பை வரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கமாக ஊர்வலம் போகிற வழி அதுதானாம். சாமி போகிற வழியில் கோப்பையும் போயிற்று. நம்ம பள்ளி என்று எங்கள் தொண்டை கிழியக் கத்திய சத்தம் மட்டும் சேரிவரைக்கும் கேட்டிருக்கும்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லாதீர்கள். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், உங்க தெருவுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்க என்று கடைக்காரர் சொன்னார். அதைப் படம் பிடித்து அவர்களே பரப்பினார்கள். அதே 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்து ஒன்றியப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை கைதானார். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தவன், ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குத்தான் வெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு, அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 600க்கு 469 எடுத்தான். 2025 மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு மாணவனை பஸ்ஸை நிறுத்தி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் அவன் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

ஜெயித்தால் வெட்டு என்றால் அது விளையாட்டு மைதானமா, பண்ணையா? விளையாட்டில் சாதி இல்லை என்பவர்களுக்கு பல்வங்கர் பாலுவைத் தெரியுமா? 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்த சமார் சாதிப் பந்துவீச்சாளர். அதற்கு முன்னால் புனேயில் இந்து கிளப்புக்கு ஆடியபோது, கூட ஆடியவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் டீ குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். பந்து எல்லார் கையிலும் போகும், கோப்பை மட்டும் போகாது. எங்க ஊர்க் கபடிக் கோப்பையும் அந்த டீக் கோப்பையும் ஒரே அலமாரியில் வைக்க வேண்டியவை.

“அதெல்லாம் தெற்கே. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல கையில கயிறு ஏது?” என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கயிறு இல்லாவிட்டால் என்ன? பள்ளி விட்டு எந்தப் பக்கம் நடக்கிறாய் என்பதே போதும். “காலனிப் பசங்க” என்ற ஒரு சொல் போதும். ஆட்சி ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருஷம் ஜூலையில் விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பேர் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் பலகை மாறினால் பார்வை மாறும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது. 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநர், சாதிக் கயிறு கட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உடனே சாமிக் கயிற்றை அறுக்கிறார்கள் என்று கூச்சல் போட்டார்கள். அமைச்சரே பின்வாங்கினார். ஒரு முழம் நூலைத் தொட்டதற்கு அத்தனை பயம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு மாணவத் தோழரும் அதைத் தேடிப் படிக்க வேண்டும். கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களுக்குத் தடை. பள்ளிப் பேர்களிலிருந்து சாதியை நீக்குவது. பேரின் எழுத்து வரிசைப்படி உட்கார வைப்பது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, வகுப்பில் சாதியைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உதவித்தொகை விவரத்தை அந்த மாணவரிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட காலத்தில் இடமாற்றம். 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிக்கு நல அலுவலர். எல்லாச் சமூக மாணவர்களையும் சேர்த்து ஒரு சமூக நீதி மாணவர் படை. அறிக்கை வந்த உடனே, இந்து மதத்துக்கு எதிரானது என்று அலறினார்கள். எழுத்து வரிசையில் உட்கார வைத்தால் ஒரு மதம் ஆட்டம் காணுமென்றால் அந்த மதம் எதன்மேல் நிற்கிறது என்று அவர்களே யோசிக்கட்டும்.

“சாதியைப் பத்திப் பேசப் பேசத்தான் சாதி வளருது. பிள்ளைங்க பாட்டுக்குப் படிக்கட்டும், விடுங்க” என்பது இன்னொரு வாதம். நல்ல மனசுக்காரர்களும் சொல்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: பேசாமல் இருந்த இத்தனை வருஷத்தில் குறைந்ததா? வீட்டில் அப்பா பேசுகிறார், தெருவில் கொடிக்கம்பம் பேசுகிறது, கல்யாண பேனர் பேசுகிறது, போனில் ரீல்ஸ் பேசுகிறது. பேசாமல் இருப்பது பள்ளிக்கூடம் ஒன்றுதான். ஆகவே சாதிக்கு எதிராகப் பேச வேண்டிய ஒரே இடம் வாயை மூடிக்கொண்டு, மற்ற இடமெல்லாம் சாதிக்காகப் பேசுகிறது. இதற்குப் பேர் நடுநிலைமை இல்லை.

உள்ளே சேர்த்துக்கொண்டதாலேயே ஒருவரை ‘நாம்’ ஆக்கிவிட முடியாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1957இல் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடு நுழைந்தார்கள். வகுப்பில் உட்காரலாம். ஆனால் விளையாட்டு அணி, பாடற்குழு எதிலும் சேரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் 1958 மே மாதம் பட்டம் வாங்க மேடை ஏறினார். மற்ற ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். அவர் பேர் வந்தபோது நிசப்தம். மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நிசப்தத்தை நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும். பிரேயரில் பரிசு வாங்கும்போது எந்தப் பேருக்கு எத்தனை கை தட்டுகிறது என்று எண்ணத் தெரியாத சேரிப்பிள்ளை கிடையாது.

அப்ப என்ன செய்யணும்? பெரிய பேச்சு வேண்டாம். மணி அடித்த பிறகு நடப்பதை மாற்றுவதிலிருந்து தொடங்குவோம்.

2024 நவம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று ஒன்று வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர்கள். மருதத்தில் நாத்து நட்டது யார் என்பதை ஐந்திணைப் பாடத்தோடு சேர்த்துக் கேட்கலாம், அது இருக்கட்டும். இந்தக் குழுக்களில் யார் எதில் என்பதை ஆசிரியர் கண்ணால் பொறுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள் என்று கேளுங்கள். தலைவரையும் அப்படியே. எங்க உத்திரமேரூர்க்காரர்கள் குடத்தைச் சொல்லித்தானே பெருமைப்படுகிறோம்? அந்தக் குடத்தைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவருவோம். இந்தத் தடவை எல்லாப் பிள்ளைகள் பேரும் அதில் விழட்டும். நிலம் வேண்டாம், மனை வேண்டாம், வேதம் வேண்டாம். பெண் பிள்ளைகள் பேரும் விழட்டும். ஆண்டு விழாவில் குடவோலை நாடகம் போட்டால், சபைக்கு வெளியே நின்றவர்களுக்கும் ஒரு காட்சி எழுதுங்கள். பெஞ்சு தூக்குவது, மைதானம் கூட்டுவது, செம்பு பிடிப்பது, மேடையில் நிற்பது எல்லாம் முறை வைத்து எல்லாருக்கும் வரட்டும். கோப்பை வந்தால் ஜெயித்தவன் தெருவுக்கும் ஊர்வலம் வரட்டும். வராவிட்டால் ‘ஏன் வரலை’ என்று அந்த அணியின் ஏழு பேரும் சேர்ந்து கேட்கட்டும். ஒருத்தன் கேட்டால் தகராறு, ஏழு பேர் கேட்டால் அதுதான் பள்ளி உணர்வு.

பெற்றோர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். உங்கள் பள்ளிக் குழுவில் நம்ம தெரு அம்மாக்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா, கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சந்துரு அறிக்கையின் பரிந்துரைகளை ஒவ்வொன்றாக வாசித்து, இது இங்கே நடக்கிறதா என்று கேளுங்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்தி ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்கள் என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இயக்கத்துக்குள்ளும் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். நம்ம பக்கத்தில் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போகிற இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஆறு மாதம் ஒரு பள்ளி, ஆறு மாதம் எங்கேயோ. சாதிச் சான்றிதழுக்கே அலைய வேண்டியிருக்கிறது. சேரிப் பிள்ளை ஊரைப் பார்த்து ‘நம்ம’ என்று சொல்லு என்று கேட்கிறது. இருளர் பிள்ளை சேரிப் பிள்ளையைப் பார்த்து அதையே கேட்கிறது. அருந்ததியர் பிள்ளையும் கேட்கிறது. அந்தப் பிள்ளையைக் கேலிப் பேர் வைத்துக் கூப்பிடுகிற வாயால் சமத்துவம் பேச முடியாது. விடுதலை என்பது ஊர்த் தெருவில் நடக்க உரிமை கேட்பது மட்டுமில்லை. நம்மைவிடப் பின்னால் நடந்து வருகிறவனுக்காக நின்று காத்திருப்பதும்தான்.

ஊர்த் தெருவிலிருந்து இந்த இதழை வாங்கிப் படிக்கிற மாணவ நண்பர்களும் இருக்கிறீர்கள், தெரியும். உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. கபடிக்குப் பிறகு கூட ஆடியவனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவன் வீட்டுக்கும் போங்கள். வீட்டில் திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்குகிற ஒரு திட்டில் சாதி கொஞ்சம் இளைக்கும்.

தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளியைப் பற்றிப் பெருமைப்பட வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். படுங்கள். 1893இல் பஞ்சமர் கல்விக்கு அரசாணை வந்த நாளிலிருந்து, கஞ்சி குடிக்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய நம்ம பாட்டிமார்களின் கால் தேய்ந்த பாதை அது. அந்தக் கட்டடத்தில் ஊருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு நமக்கும். ஆகவே ‘எங்க ஸ்கூல்’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிப் போகாதீர்கள். நின்று, “நம்ம ஸ்கூல்னு சொல்லு” என்று திருத்துங்கள். இலக்கணப் பிழையைத் திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும், சிரித்துக்கொண்டே, விடாமல் திருத்துங்கள். மணி அடித்த பிறகு வேகமாக வீட்டுக்கு நடக்காதீர்கள். மைதானத்திலேயே இருங்கள்.

ஜெய் பீம்.